வெளிநாட்டுப் பயணத்தில் யூதர்களின் பழைய தடம் எதையாவது எதிர்பாராமல் பார்த்ததுண்டா? எங்கே, எப்படித் தேடுவது?

பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. அரை மணி நேரம் அதன் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு, அப்புறம்தான் பார்த்தேன்.

கேள்வியைப் படித்தால் நீங்கள் ஐரோப்பாவுக்கு டூர் கிளம்புகிறவர் என்று தோன்றுகிறது. பிராக், கிராக்கோவ், வெனிஸ் எல்லாம் லிஸ்ட்டில் இருக்கும். அங்கெல்லாம் தேடவே வேண்டாம், பலகை வைத்து, டிக்கெட் கொடுத்து உள்ளே விடுவார்கள். நான் டூர் போகிற ஆள் இல்லை. சரக்குக் கப்பலில் தேர்டு எஞ்சினியர், ஊர் தூத்துக்குடிப் பக்கம். வரலாறு படித்தவர்கள் வந்து "இதெல்லாம் தெரிந்த கதைதானே" என்றால், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் ஐயா, எனக்கு அன்றுவரை தெரியாது.

2022 நவம்பர். ஸ்டீல் காயில் ஏற்றிக்கொண்டு கிரேக்கத்தில் தெசலோனிக்கி துறைமுகத்துக்குப் போயிருந்தோம். காயில் மேல் தண்ணீர் படக் கூடாது. தூறல் விழுந்தாலே ஹேட்ச்சை, அதாவது சரக்கறை வாயை, மூடிவிடுவார்கள், கிரேன் நின்றுவிடும். இரண்டு நாளில் இறக்க வேண்டிய சரக்கு மழையால் ஐந்து நாள் இழுத்தது. கம்பெனிக்கு நஷ்டம், எங்களுக்கு யோகம்.

அந்த ஊர்ப் பெயர் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். "புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்திலிருந்து வாசகம்" என்று எங்கள் ஊர் கோயிலில் மைக் முன்னால் கால் நடுங்க நின்று வாசித்தவன் நான். பவுல் அந்த ஊருக்குப் போய் யூதர்களின் தொழுகைக்கூடத்தில் மூன்று ஓய்வுநாள் பேசினார் என்று திருத்தூதர் பணிகளில் வருகிறது. அதாவது அந்த ஊரில் யூதர்கள் இருந்தார்கள் என்பது நான் பலமுறை வாய்விட்டு வாசித்த விஷயம். ஆனால் அது பைபிள் காலத்து விஷயம் என்று மூளை ஒதுக்கி வைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை வெளியே போக நான்கு மணி நேரம் கிடைத்தது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் கிட்டத்தில் ஒரு சதுக்கம். எலெஃப்தெரியாஸ் சதுக்கம், சுதந்திரச் சதுக்கம் என்று அர்த்தமாம். அதன் ஓரத்தில் ஒரு வெண்கலச் சிலை. தூரத்திலிருந்து தீப்பிழம்பு மாதிரி இருந்தது. நெருங்கினால் மனித உடல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. போரில் செத்தவர்களுக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். எனக்கு அப்போது வேண்டியது சிம் கார்டு.

சிம் வாங்கி, எள் ஒட்டிய குலூரி ரொட்டி ஒன்று வாங்கி (நம் ஊர்ப் பெரிய வளையல் அளவு இருக்கும்), மேலே மலைச்சரிவில் இருக்கும் பழைய ஊருக்கு ஏறினேன். ஆனோ போலி என்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் கடலும் கப்பலும் தெரியும் என்று எங்கள் ஃபிட்டர் சொல்லியிருந்தார். ஏற்றம் ஆளைக் கொன்றுவிட்டது. ஒரு சந்தில் பழைய வீடு ஒன்றின் வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தேன். எந்தச் சந்து என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்காரரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

குலூரி தின்றால் எள் கொட்டும். மடியில் கொட்டியதைத் தட்டிவிட்டேன். படியில் விழுந்த எள்ளில் கொஞ்சம் மட்டும் சிதறாமல், ஓர் ஒழுங்கில் நின்றது. ஒரு வரிசை நேராக, அப்புறம் ஒரு வளைவு, பக்கத்தில் இன்னொரு வரிசை. கையால் துடைத்துப் பார்த்தால் பள்ளம். கல்லில் வெட்டிய பள்ளம்.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வாளியோடு வந்தார். நான் பதறி எழுந்தேன். அவர் கோபப்படவில்லை, கையால் ஒதுங்கச் சொல்லிவிட்டு வாளித் தண்ணீரைப் படியில் ஊற்றினார், தினமும் செய்கிற வேலை போல. காய்ந்திருந்தபோது ஒன்றுமே தெரியாத பளிங்கில் ஈரம் ஏறியதும் எழுத்து கறுத்து மேலே வந்தது. சதுரம் சதுரமாக, கொக்கி போட்ட எழுத்து. இரண்டு வரி. ஒரு பக்கம் உடைந்து, அந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தது. நடுவில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. நான் விரலால் காட்டி என்ன என்று கேட்டேன். "எவ்ரைக்கோ" என்றார். தோளை ஒருமுறை தூக்கி இறக்கினார். உள்ளே போய்விட்டார்.

எவ்ரைக்கோ என்றால் யூதருடையது, எபிரேயம். கூகுளில் போட்டதும் தெரிந்தது. அப்புறம் அந்தச் சந்திலேயே நின்று போனில் படித்துக்கொண்டிருந்தேன். கீழே துறைமுகப் பக்கமே, அயியு மினா தெருவில் யூத அருங்காட்சியகம் இருக்கிறது என்று காட்டியது. ஓடி இறங்கினேன். பூட்டியிருந்தது. சனிக்கிழமை அல்லவா, அவர்களுக்கு ஓய்வுநாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கப்பல்காரன் என்றால் உலகம் சுற்றுகிறவன் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. "உனக்கென்னப்பா, ஊர் ஊரா பார்க்கிற" என்பார்கள். பதினோரு வருஷத்தில் நான் போன துறைமுகம் நூறுக்கு மேல் இருக்கும். நிலத்தில் இறங்கி நடந்தது முப்பது இருந்தால் அதிகம். எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாது. சரக்கு இறங்கும் நேரம்தான் எங்களுக்கு மராமத்து நேரம். சில இடங்களில் வாசல்வரை போகவே டெர்மினல் வண்டிக்கு ஐம்பது டாலர் கேட்பார்கள். கொரோனாவில் அதுவும் போயிற்று. 2020 கடைசியில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் உலகம் முழுக்க 4 லட்சம் கப்பல் பணியாளர்கள் கடலில் கிடந்தோம். கைதட்டல், விளக்கேற்றல் எல்லாம் நடந்த வருஷம். எங்களுக்கு யாரும் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. சரி, விடுங்கள்.

திங்கட்கிழமை மறுபடி மழை. சீஃப் எஞ்சினியர் நல்ல மனிதர், மூன்று மணி நேரம் விட்டார். நேராக அருங்காட்சியகம். தரைத்தளத்தில் கல்லறைக் கற்கள்தான் வரிசையாக நிற்கின்றன, அவற்றோடு இந்த ஊர் யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தின் புகைப்படங்கள். அங்கே இருந்த ஓர் அம்மாவிடம் போனில் எடுத்திருந்த வாசல்படிப் படத்தைக் காட்டினேன். வாங்கியவர் முதலில் போனைத் தலைகீழாகத் திருப்பினார். கல்லைத் தலைகீழாகப் பதித்திருக்கிறார்கள், நான் அதே போக்கில் படம் எடுத்திருக்கிறேன்.

மேல் வரியில் முழுசாக இருந்தது ஒரே சொல்: "பென்". மகன் என்று அர்த்தம். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். பெயர், அப்புறம் பென், அப்புறம் அப்பா பெயர். இந்தக் கல்லில் பெயர் தேய்ந்துவிட்டது. அப்பா பெயர் உடைந்த பக்கத்தோடு போய்விட்டது. மகன் மட்டும் மிச்சம்.

கீழ் வரியில் மூன்று எழுத்து: தாவ், ரேஷ், நூன். எழுத்தே எண். நம் பழைய கணக்கில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்பது போல. தாவ் 400, ரேஷ் 200, நூன் 50. ஆயிரத்தை எழுதாமல் விட்டுவிடுவது வழக்கமாம். அதையும் சேர்த்தால் யூத ஆண்டு 5650. 1889 செப்டம்பருக்கும் 1890 செப்டம்பருக்கும் இடைப்பட்ட காலம். அந்த அம்மா படி இருக்கும் இடத்தைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஆச்சரியமே படவில்லை. இந்த மாதிரி போட்டோவோடு வருகிற முதல் ஆள் நான் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்புறம் அங்கே பார்த்ததையும் பிறகு படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை விரட்டியது. ஒட்டோமான் சுல்தான் இடம் கொடுத்தார், பெரிய கூட்டம் இந்த ஊருக்கு வந்தது. (அப்படி ஸ்பெயினிலிருந்து சிதறியவர்களில் சிலர் கொச்சிவரை வந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயத்தில் அவர்கள் வழி வந்தவர்கள் இருந்தார்கள். "கொச்சியிலேயே பார்க்கலாமே, எதற்குக் கிரேக்கம்" என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்காக இந்த அடைப்புக்குறி.) வந்தவர்கள் ஸ்பானிய மொழியை விடவே இல்லை. நானூறு வருஷம் கழித்தும் வீட்டில் பழைய ஸ்பானியம்தான், லதினோ என்று பெயர். மதுரையில் சௌராஷ்டிரக்காரர்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புரியும். 1912இல் ஊர் கிரேக்கத்தின் கைக்கு வந்தது. மறு வருஷக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,57,000 பேரில் 61,000 பேர் யூதர்கள். ஊரிலேயே பெரிய கூட்டம் அவர்கள்தான்.

கப்பல்காரனாக எனக்கு உறைத்தது வேறொரு விஷயம். அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், படகோட்டியவர்கள், சரக்கு இறக்கியவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். அதனால் சனிக்கிழமை துறைமுகத்தில் வேலை கிடையாது. எந்த நாட்டுக் கப்பலானாலும் காத்திருக்க வேண்டியதுதான். யூதர் என்றாலே வட்டிக்கடை, வங்கி, மூளைக்காரர் என்று நம் வாட்ஸப் மாமாக்கள் அளப்பார்கள். இங்கே முதுகில் தழும்பு விழுந்த கூலிக்காரர்கள், முழு ஊரையும் சனிக்கிழமை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! நான் நின்ற அதே துறைமுகத்தில். 1917இல் பெரிய தீ விபத்து. வீடிழந்த 70,000 பேரில் 50,000 பேர் யூதர்கள். 1924இல் ஞாயிறு கட்டாய விடுமுறை என்று சட்டம் வந்தது, சனிக்கிழமை போயிற்று. 1930களில் ஹைஃபா துறைமுகத்தில் வேலை பழகிய ஆள் வேண்டும் என்று இங்கேயிருந்து துறைமுகத் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு கூட்டிப் போனார்கள். போனவர்கள் பிழைத்தார்கள்.

மிச்சப்பேர் கதை அந்தச் சதுக்கத்தில் தொடங்குகிறது. 1942 ஜூலை 11, அதுவும் ஒரு சனிக்கிழமை. 18 முதல் 45 வயது யூத ஆண்கள் 9,000 பேரை, ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர் அங்கே வெயிலில் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். நான் சிம் கார்டு தேடி நடந்த இடம். அந்தச் சிலை, பிறகு கொல்லப்பட்ட இந்த ஊர் யூதர்களின் நினைவாக வைத்தது. சதுக்கத்தின் பெரும்பகுதி பல வருஷம் கார் நிறுத்துமிடமாக இருந்தது. அதே வருஷம் டிசம்பரில் ஊருக்குக் கிழக்கே இருந்த யூதக் கல்லறைத் தோட்டத்தை இடித்தார்கள். ஜெர்மானியர் அனுமதி, நகராட்சியின் கடப்பாரை. 3 லட்சத்துக்கு மேல் கல்லறைகள். பளிங்கு ஊர் முழுக்கப் போனது. நடைபாதைக்கு, தேவாலயம் பழுதுபார்க்க, நீச்சல் குளத்துக்கு, வீட்டு வாசல்படிக்கு. 1943 மார்ச் 15 முதல் ரயில். ஆகஸ்டுக்குள் 45,000 பேருக்கு மேல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போருக்குப் பிறகு ஊரில் எண்ணினால் 2,000 பேர் தேறவில்லை.

அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம். 2014இல்தான் வளாகத்தில் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். அதே வருஷம் நகர மேயர் பூத்தாரிஸ் பதவியேற்புக்கு, நாஜிகள் யூதர்களைக் குத்திக்கொள்ள வைத்த அந்த மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு வந்தாராம். அங்கே போக எனக்கு நேரம் இருக்கவில்லை. ஒரு சின்னத் தகவல்: ஃபைசர் கம்பெனித் தலைவர் ஆல்பர்ட் பூர்லா இந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா அம்மா தப்பிப் பிழைத்தவர்கள். நான் போட்டுக்கொண்ட தடுப்பூசி, ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலுக்கே வந்து போட்டது, ஃபைசர்தான்.

இப்போது திட்ட வருகிறவர்களுக்கு. காஸாவைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, அதைக் கேட்டு வேறு கேள்வி போடுங்கள், ஒளிக்காமல் எழுதுகிறேன். 1890இல் செத்துப்போன ஒருவர் தலைமேல் அதை ஏற்றாதீர்கள். அந்தப் பெரியவரையும் குறை சொல்லவில்லை. அவர் வைத்த கல்லாக இருக்காது, அவர் அப்பா வைத்ததாக இருக்கலாம், வீட்டை விற்றவன் வைத்ததாகவும் இருக்கலாம். 1923இல் துருக்கியிலிருந்து கைக்குழந்தையோடு ஓடிவந்த கிரேக்கர்களால் நிரம்பிய ஊர் அது. போர் நேரத்தில் பளிங்கு சும்மா கிடைத்தால் என்ன கல் என்று பார்த்துக்கொண்டா இருப்பான்? நம் ஊரில் குளத்துப் படியிலும் துவைக்கிற கல்லிலும் கல்வெட்டு கிடக்கவில்லையா. பழைய கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தை மழித்தவர்கள்தானே நாம்.

எனக்கு ஏன் இது இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், அப்பா 2020 செப்டம்பரில் போனார். கொரோனா இல்லை, சர்க்கரை. நான் பிரேசில் கடலில், ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதம் ஆகியும் இறங்க முடியாமல். அடக்கத்தை வாட்ஸப்பில் பார்த்தேன், படம் நின்று நின்று வந்தது. ஜனவரியில் ஊருக்குப் போனால் கல்லறைத் தோட்டத்தில் காம்பவுண்டுச் சுவர் வேலை. அந்த வரிசையில் நட்டிருந்த மரச் சிலுவைகளையெல்லாம் பிடுங்கி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். பெயிண்டில் எழுதிய பெயர், மழையில் பாதி அழிந்திருந்தது. அப்பாவுடைய சிலுவையைக் கண்டுபிடித்துவிட்டேன். குழி எதுவென்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இந்த ரெண்டுல ஒண்ணுதான்யா" என்றார் அம்மா. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அவர் இரண்டு இடத்திலும் மெழுகுவத்தி ஏற்றுகிறார். தெசலோனிக்கி போவதற்குப் பத்து நாள் முன்னால்தான் போனில் அதைச் சொன்னார்.

பெரிய ஒப்பீடு எதுவும் செய்யவில்லை. சுவர் கட்டியவர்கள் செய்தது அசட்டை, அங்கே நடந்தது வேறு. ஆனால் அருங்காட்சியகத்து அம்மா "பென்" என்று வாசித்துவிட்டு விரலை அடுத்து வைக்க இடமில்லாமல் நிறுத்தினாரே, அப்போது எனக்கு அப்பா பெயர்தான் வாயில் வந்தது.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன், எப்படித் தேடுவது. பழைய தெருக்களில் வாசல் நிலையைப் பாருங்கள். உள்ளே நுழையும்போது வலப்பக்கம், தோள் உயரத்தில் சாய்வாக ஒரு நீளப் பள்ளமோ ஆணித் துளையோ இருந்தால் அது மெசூசா இருந்த இடமாக இருக்கலாம். வேத வரி எழுதிய சுருளை அதில் வைத்திருப்பார்கள். ஜெர்மனிப் பக்கம் போனால் நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைக் கல் பதித்திருக்கும், பெயரும் ஊரை விட்டுக் கொண்டுபோன நாளும் இருக்கும். தெசலோனிக்கியில் தரையைப் பாருங்கள். எங்காவது எழுத்துள்ள பளிங்கு தெரிந்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதும், சாக்பீஸ், பிரஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்தில் கொடுங்கள். துறைமுகத்திலிருந்து பத்து நிமிஷ நடை.

சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள்.